ஆன் ஆர்பர்: பல்கலைக்கழகம் மணியடிக்கும் ஊர்

மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வரும், சாப்பாட்டுக் கடையில் மேசை கிடைக்குமா, அடுத்த வருட வீட்டுக்கு எப்போது பேச வேண்டும், நல்ல மர மேசை எந்த வாரம் தெருவோரம் கிடக்கும் என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது: மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கல்வி நாட்காட்டி. அங்கே படிக்காத, வேலையும் பார்க்காத ஆளுக்கும் இதே கதிதான். நான் அப்படிப்பட்ட ஆள். கணவருக்கு ஆய்வகத்தில் போஸ்ட்டாக் வேலை, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, நான் ஜே-2 விசாவில் கூட வந்தவள். வளாகத்துக்கு வெளியே இருந்தபடியே அந்த நாட்காட்டியைப் படிக்கக் கற்றுக்கொண்ட கதை இது. துணையோடு வருகிறவர்களுக்கும், பிள்ளையைப் படிக்க அனுப்பிவிட்டுப் பார்க்க வரும் பெற்றோருக்கும் உதவலாம்.

பல்கலைக்கழகம் 1817-இல் டெட்ராய்ட்டில் தொடங்கி, 1837-இல் இங்கே இடம் மாறியது. 2020 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி இருக்கிறது. மாணவர்கள் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல். ஆகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளம் உள்ளே வரும், ஏப்ரல் கடைசியில் வடியும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையான பருவத்துக்கு இவர்கள் ‘விண்டர் டெர்ம்’ என்று பெயர் வைத்திருப்பதைப் பார்த்து முதலில் சிரித்தேன். ஏப்ரல் நடுவில் பனி கொட்டிய அன்று பெயர் சரிதான் என்று ஒப்புக்கொண்டேன்.

முதலில் வீடு. மற்ற எல்லாவற்றையும் பிறகு சமாளித்துக்கொள்ளலாம், இதில் மட்டும் ஊர் வழக்கம் தெரியாமல் இறங்கக் கூடாது.

நாங்கள் குடிவந்து பெட்டிகளைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. அக்டோபரில் மாடிவீட்டு அக்கா படியில் நிறுத்திக் கேட்டார்: “ஏம்மா, அடுத்த வருஷத்துக்கு லீஸ் போட்டாச்சா?” லீஸ் என்றால் இங்கே வாடகை ஒப்பந்தம். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். வளாகத்தை ஒட்டிய வீடுகளுக்கு அடுத்த ஆகஸ்டுக்கான பேச்சு இலையுதிர் காலத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. பதினெட்டு பத்தொன்பது வயதுப் பிள்ளைகள், கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், யாரோடு அடுத்த வருடம் குடியிருப்பது என்று முடிவெடுத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். நகராட்சி இந்த அவசரத்துக்குக் கடிவாளம் போட ஒரு சட்டம் வைத்திருக்கிறது. 2021-இல் அதை இன்னும் இறுக்கியது. உடனே காத்திருப்புப் பட்டியல் என்ற பெயரில் வேறு வழிகள் முளைத்தன. குடும்பமாக வருகிறவர்கள் இந்த ஓட்டத்தில் சேரத் தேவையில்லை. வளாகத்திலிருந்து பேருந்தில் இருபது நிமிடம் தள்ளிப் போனால், எந்த மாதமும் லீஸ் தொடங்க ஒத்துக்கொள்ளும் அடுக்ககங்கள் இருக்கின்றன. குடும்பத்தோடு வரும் மாணவர்களுக்கு வடக்கு வளாகத்தில் நார்த்வுட் குடியிருப்பு இருக்கிறது. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்த குழந்தைகள் ஒரே ஊஞ்சலுக்குச் சண்டை போடும் இடம் அது.

இன்னொரு வினோதம், ஆகஸ்ட் இடைவெளி. மாணவர் வீடுகளில் பழைய லீஸ் ஆகஸ்ட் நடுவில் முடியும், புதியது மாதக் கடைசியில்தான் தொடங்கும். நடுவே வீட்டுக்காரர்கள் சுத்தம் செய்து வண்ணம் அடிப்பார்கள். அந்தச் சில நாட்களுக்கு ஊரில் பாதிப் பேருக்கு வீடு கிடையாது. சாமான் வாடகை லாரியில், ஆள் நண்பர் வீட்டுச் சோபாவில். நீங்கள் வீடு மாறுவதாக இருந்தால் லீஸில் கையெழுத்துப் போடும்போதே இரண்டு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவே இடைவெளி இருந்தால் அப்போதே கேளுங்கள். ஆகஸ்டில் கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

டெபாசிட் விஷயத்தில் மிச்சிகன் மாநிலச் சட்டம் வாடகைக்கு இருப்பவர் பக்கம் நன்றாகவே நிற்கிறது. ஆனால் நாள் கணக்கு கறார். ஒன்றரை மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. குடிவந்ததும் வீட்டின் நிலையைக் குறிக்க ஒரு பட்டியல் தருவார்கள்; அதை நிரப்பி 7 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். சுவரில் ஆணி ஓட்டை, கம்பளத்தில் கறை, அடுப்பில் வேலை செய்யாத ஒரு குமிழ் என்று எதையும் விடாமல் எழுதுங்கள், படமும் எடுத்து வையுங்கள். காலி செய்த 4 நாட்களுக்குள் புதிய முகவரியை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதன் பிறகு, எதற்காவது பணம் பிடிப்பதாக இருந்தால் வீட்டுக்காரர் 30 நாட்களுக்குள் விவரமான கணக்கு அனுப்பியாக வேண்டும். அந்தக் கணக்கு உங்களுக்கு ஒப்புதல் இல்லையென்றால் 7 நாட்களுக்குள் தபாலில் மறுப்பு. எங்களிடம் ஒரு நிர்வாகம் கம்பளத்துக்குக் காசு பிடிக்கப் பார்த்தது. குடிவந்த வாரம் நாங்கள் எழுதிக் கொடுத்த பட்டியலில் அதே கறை இருந்தது. படத்தோடு ஒரு கடிதம் போனதும் அடங்கிவிட்டார்கள். மாணவராக இருந்தால் இன்னும் சுலபம்: பல்கலைக்கழகத்தின் மாணவர் சட்ட உதவி அலுவலகத்தில் வழக்கறிஞரிடம் இலவசமாகவே பேசலாம்.

தெருவைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரு வழி இருக்கிறது. வீடு பார்க்க செவ்வாய்க்கிழமை மதியம் கூப்பிடுவார்கள், தெரு பூஜை அறை போல இருக்கும். நீங்கள் ஞாயிறு காலை தனியாகப் போய் ஒரு நடை நடந்து பாருங்கள். புல்வெளியில் சிவப்புப் பிளாஸ்டிக் கோப்பைகள் இறைந்து கிடந்தால் சனி இரவு அங்கே தூக்கம் இல்லை என்று அர்த்தம். திண்ணையில் சோபா இருக்கிறதா என்று தேடாதீர்கள். தீ விபத்துகளுக்குப் பயந்து 2010-இலேயே நகராட்சி அதைத் தடை செய்துவிட்டது.

சோபா என்றதும் சாமான் நினைவுக்கு வருகிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் இந்த ஊரில் எதையும் கடையில் வாங்காதீர்கள். மேசை, நாற்காலி, விளக்கு, புத்தக அலமாரி எல்லாம் நடைபாதை ஓரத்தில் ‘எடுத்துக்கொள்ளலாம்’ என்ற சீட்டோடு நிற்கும். மரமும் இரும்பும் தாராளமாக எடுக்கலாம். மெத்தை, துணி போர்த்திய நாற்காலி பக்கம் போகவே கூடாது. மூட்டைப்பூச்சி வீட்டுக்குள் வந்தால் அதை வெளியேற்றும் செலவில் புதுக் கட்டிலே வாங்கலாம். மற்ற மாதங்களில் கிவானிஸ் என்ற தொண்டுச் சங்கம் நடத்தும் பழைய பொருள் விற்பனை இருக்கிறது. வாரக் கடைசிக் காலைகளில் மட்டும் திறக்கும், பாத்திரம் பண்டங்களுக்கு அது போதும். பல்கலைக்கழகமே தன் பழைய அலுவலக நாற்காலி, கணினித் திரைகளை விற்க வடக்கு வளாகப் பக்கம் ஒரு கிடங்கு வைத்திருக்கிறது, பொதுமக்களும் வாங்கலாம். என் முதுகைக் காப்பாற்றிய நாற்காலி அங்கிருந்து வந்ததுதான். ஏதோ ஒரு துறையின் பெயர்ச் சீட்டு இன்னும் அதன் அடியில் ஒட்டியிருக்கிறது.

கார் இல்லாமல் சமாளிக்கலாம். பல்கலைக்கழகத்தின் நீலப் பேருந்துகளில் யாரும் டிக்கெட் கேட்பதில்லை, அடையாள அட்டையும் பார்ப்பதில்லை. நகரப் பேருந்து ‘தி ரைட்’ பல்கலைக்கழக அட்டை வைத்திருப்பவருக்கு இலவசம், மற்றவர்களுக்கு ஒன்றரை டாலர். தெரிந்துகொள்ள வேண்டியது கூட்டத்தின் மணி. முன்பெல்லாம் இங்கே வகுப்புகள் குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகத்தான் தொடங்குமாம். ‘மிச்சிகன் டைம்’ என்று அதற்குப் பெயர். 2018-இல் அதை மாற்றி, வகுப்பை நேரத்துக்குத் தொடங்கி, பத்து நிமிடம் முன்னதாக முடிப்பது என்று ஆக்கினார்கள். எனவே ஒவ்வொரு மணிக்கும் கடைசிப் பத்து நிமிடம் பேருந்தில் கால் வைக்க இடமிருக்காது. கால் மணி கழித்துப் போனால் உட்கார்ந்து போகலாம். தள்ளுவண்டியில் குழந்தையோடு போகிறவர்களுக்கு இந்த ஒரு தகவலே பாதி நிம்மதி.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இந்த ஊரில் சாப்பாட்டுத் தெருக்கள் இரண்டு வகை. சவுத் யுனிவர்சிட்டி, ஸ்டேட் தெரு பக்கம் மாணவர்களின் பணத்தில் ஓடும் கடைகள்: கொரிய உணவு, சாதக் கிண்ணங்கள், பீட்சா, பபுள் டீ. சீக்கிரம் கிடைக்கும், இரவு நெடுநேரம் திறந்திருக்கும், போன வருடம் பிடித்த கடை இந்த வருடம் இருக்குமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மெயின் தெரு வேறு. அது அப்பா அம்மா கிரெடிட் கார்டோடு வந்து பிள்ளையை உட்கார வைத்து ஊட்டும் தெரு. பட்டமளிப்பு வாரக் கடைசியிலும், குடிவரும் வாரத்திலும், பல்கலைக்கழக அணி ஆடும் கால்பந்து சனிக்கிழமையிலும் அங்கே மேசை கேட்டால் சிரிப்பார்கள். பிள்ளையின் பட்டமளிப்புக்கு வருகிறீர்கள் என்றால் விடுதி அறை போடும்போதே சாப்பாட்டு மேசைக்கும் சொல்லி வையுங்கள். உள்ளூர்க்காரர்கள் மெயின் தெருவுக்குப் போவது மே, ஜூனில். 2020-க்குப் பிறகு கோடை வாரக் கடைசிகளில் அந்தத் தெருவில் கார்களை நிறுத்திவிட்டு நடுவே மேசை போடும் வழக்கம் வந்திருக்கிறது. ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். ஊர் நம்முடையது என்று தோன்றுவது அப்போதுதான்.

ஆன் ஆர்பர் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் ஜிங்கர்மன்ஸ். 1982-இல் பால் சாகினா, ஆரி வைன்ஸ்வைக் என்ற இருவர் கெர்ரிடவுன் பகுதியில் தொடங்கிய டெலி, அதாவது சாண்ட்விச்சும் மளிகையும் விற்கும் கடை. ஒரு சாண்ட்விச் இருபது டாலரைத் தொடும், வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும். அந்த விலைக்குத் தகுதியா என்று கேட்டால், வருடத்துக்கு ஒருமுறை தகுதி. இரண்டு பேருக்கு ஒன்று வாங்கினால் போதும், அவ்வளவு பெரியது. எனக்குப் பிடித்தது சாண்ட்விச் அல்ல, அதன் மளிகைப் பக்கம். பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய், வினிகர் எதைக் கேட்டாலும் கொஞ்சம் சுவைக்கத் தருவார்கள். வாங்கினால்தான் ஆயிற்று என்று முகத்தைத் தூக்க மாட்டார்கள். பிப்ரவரி மாதம் பனியில் நடந்து போய் அங்கே நின்று நாலு வகை எண்ணெயை நக்கிப் பார்த்துவிட்டு ஒரு ரொட்டி மட்டும் வாங்கி வந்திருக்கிறேன்.

சைவக்காரர்களுக்கு இந்த ஊர் நல்ல ஊர். ஃப்ளீட்வுட் டைனர் என்ற சின்ன டப்பாக் கடையில் ‘ஹிப்பி ஹாஷ்’ என்று ஒன்று: வறுத்த உருளைத் துருவலின் மேல் காய்கறிகள், அதன் மேல் ஃபெட்டா பாலாடைக்கட்டி. ஜெருசலம் கார்டனில் கொண்டைக்கடலை வடை போன்ற ஃபலாஃபல். வாஷ்டனா டெய்ரி 1934-இலிருந்து நடக்கும் ஐஸ்கிரீம் கடை. ‘சிங்கிள்’ என்று கேட்டாலே கையில் பிடிக்கத் திணறும் அளவு வைப்பார்கள், குழந்தைகளுக்கு ‘டபுள்’ வாங்கித் தராதீர்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: பலகையில் காய்கறி சூப் என்று இருந்தாலும் எந்தத் தண்ணீரில் கொதிக்க வைத்தது என்று கேட்டுவிடுங்கள். கோழி வேகவைத்த நீரை இவர்கள் இறைச்சிக் கணக்கில் எப்போதும் சேர்ப்பதில்லை. பில்லில் 6 சதவீத விற்பனை வரி ஏறும். மேசைக்கு வந்து பரிமாறினால் பதினெட்டு, இருபது சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். கவுன்டரில் நின்று வாங்கும் காபிக்கும் திரையைத் திருப்பி டிப்ஸ் கேட்பார்கள், அங்கே ‘இல்லை’யை அழுத்த வெட்கப்பட வேண்டியதில்லை. சமைக்காத மளிகைக்கு மிச்சிகனில் வரி கிடையாது என்பதால் வீட்டுச் சமையல் இன்னும் லாபம்.

வீட்டுச் சமையலுக்கு நான் நம்பியது கெர்ரிடவுன் உழவர் சந்தையை. 1919-இலிருந்து நடக்கிறது. மே முதல் டிசம்பர் வரை புதனும் சனியும், மற்ற மாதங்களில் சனி மட்டும். விளைவித்தவரே விற்க வேண்டும் என்பது அங்கே விதி, வாங்கி விற்பவருக்கு இடமில்லை. அதனால் பருவம் கண்ணுக்கு முன்னால் நகரும். மே மாதம் தண்ணீர்விட்டான் கிழங்கின் உறவுக்காரத் தண்டான அஸ்பராகஸ், ஜூனில் ஸ்ட்ராபெரி, ஜூலையில் செர்ரி, ஆகஸ்டில் சோளமும் தக்காளியும் பீச்சும், செப்டம்பரில் ஆப்பிள். நமக்கான மாதம் ஆகஸ்ட்: கத்தரிக்காய் வகை வகையாக வரும். அஸ்பராகஸைப் பொடியாக நறுக்கித் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தால் பீன்ஸ் பொரியலைவிட ருசி, நான் பந்தயம் கட்டுவேன். அக்டோபரில் முதல் உறைபனி பயத்தில் பச்சைத் தக்காளியைப் பறித்துக் கொண்டுவருவார்கள். அமெரிக்கர்கள் வறுக்க வாங்குவார்கள், நான் சட்னிக்கு. பேரம் பேசுவது வழக்கமில்லை. அதற்குப் பதில் ‘செகண்ட்ஸ் இருக்கிறதா’ என்று கேளுங்கள். லேசாக அடிபட்ட, உருவம் கோணலான தக்காளியையும் ஆப்பிளையும் பெட்டியோடு குறைந்த விலைக்குத் தருவார்கள். ஒரு பெட்டித் தக்காளித் தொக்கு குளிர்காலத்தைக் கடக்க உதவும். சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் அது சந்தையாக இருக்காது, திருவிழா. காய் வாங்கப் புதன்கிழமை போங்கள்.

இட்லி அரிசி, உளுந்து, புளி, காபிப் பொடிக்கு ஊருக்குள்ளேயே சிறிய இந்தியக் கடைகள் உண்டு. பெரிய கொள்முதலுக்குப் பக்கத்து ஊரான கேன்டன் பக்கம் போக வேண்டும், அதற்குக் கார் தேவை. தமிழ் மாணவர்கள் வாட்ஸப் குழுவில் ‘சனிக்கிழமை கேன்டன், இரண்டு இடம் இருக்கு’ என்று போடுவார்கள். கார் வைத்திருப்பவருக்குப் பெட்ரோலுக்குப் பங்கு கொடுத்துவிட்டு, வழியில் தோசையும் சாப்பிட்டு வரலாம். நோவை என்ற ஊரில் வெங்கடேசுவரர் கோயில் இருக்கிறது. மிச்சிகன் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல், தீபாவளி விழாக்கள் பெரும்பாலும் டெட்ராய்ட்டின் புறநகர்களில் நடக்கும், அதற்கும் இதே கூட்டு வண்டிதான்.

கால்பந்து சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைச் சொன்னதாக ஆகாது. நாம் நினைக்கும் கால்பந்து அல்ல, அவர்களுடையது. பல்கலைக்கழகத்தின் மிச்சிகன் ஸ்டேடியம் 1927-இல் கட்டியது, அதிகாரபூர்வக் கொள்ளளவு 1,07,601 பேர். அமெரிக்காவிலேயே பெரிய அரங்கம். தூரத்திலிருந்து பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. கிண்ணத்தின் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஏழெட்டு ஆட்டம் இங்கே நடக்கும். அந்த நாட்களில் ஊரின் மக்கள்தொகை அளவுக்கு இன்னொரு கூட்டம் வந்து இறங்குகிறது. அரங்கத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் புல்வெளியைக் கார் நிறுத்த வாடகைக்கு விடுகிறார்கள். பேராசிரியர் ஒருவர் கையில் அட்டையோடு தெருவில் நின்று காரைக் கூப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். காலையிலேயே கார் டிக்கியைத் திறந்து வைத்து அடுப்பு மூட்டிச் சாப்பாடும் பீருமாக ஆரம்பிப்பார்கள். மிச்சிகனில் பீர், சோடா டப்பா ஒவ்வொன்றுக்கும் 10 சென்ட் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும் என்பதால், பெரிய பைகளோடு டப்பா பொறுக்குகிறவர்கள் கூட்டத்துக்கு நடுவே நிதானமாக நடந்துகொண்டிருப்பார்கள். யாரும் ஒருவரை ஒருவர் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எனக்கு ஆட்டத்தைவிட அதைப் பார்ப்பதுதான் அதிகம் யோசிக்க வைத்தது.

நடைமுறைக்கு வருவோம். ஆட்டம் தொடங்கும் நேரம் முக்கியம்: பன்னிரண்டு, மூன்றரை, ஏழரை என்று மாறும். ஆட்டம் தொடங்கிய பின் மூன்று மணி நேரம் பெரிய கடைகள் காலி. மாத மளிகைக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. முடிந்ததும் இரண்டு மணி நேரம் வெளியே தலைகாட்டாதீர்கள். பேருந்துகள் வழி மாறும். விமானம் பிடிக்க வேண்டுமென்றால் ஆட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். சிவப்புச் சட்டை ஓஹையோக்காரர்களுக்கு, பச்சை மிச்சிகன் ஸ்டேட்காரர்களுக்கு; இரண்டும் எதிரணிகள், அந்த நிறங்களை அன்று போடாதீர்கள். ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் நாள் முழுக்க யாராவது ஒருவர் கேலி செய்வார். ஒரு ஆட்டமாவது பார்க்க ஆசை இருந்தால் செப்டம்பர் தொடக்கத்தில், பெயர் தெரியாத அணியோடு மோதும் நாளைத் தேர்ந்தெடுங்கள். டிக்கெட் மலிவு, குளிர் இல்லை. விதி தெரியாவிட்டாலும் லட்சம் பேர் ஒன்றாக எழும் சத்தம் போதும். பெரிய பையோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

காசு இல்லாத மாதங்களில் இந்த ஊர் கைகொடுக்கும் விதம் வேறு எங்கும் சுலபத்தில் அமையாது. பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகம், கெல்சி தொல்லியல் அருங்காட்சியகம், யானையின் அழிந்துபோன உறவான மாஸ்டடானின் எலும்புக்கூடுகள் நிற்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. இசைப் பள்ளி மாணவர்களின் அரங்கேற்றங்கள் பெரும்பாலும் இலவசம், பருவத்தின் கடைசி வாரங்களில் ஒரே நாளில் பலவும் நடக்கும். பாடுகிறவரின் அம்மா அப்பாவும் நாலு நண்பர்களும் நானும் என்று உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பர்ட்டன் கோபுரத்தில் 53 மணிகள் கொண்ட கரிலான் என்ற இசைக்கருவி இருக்கிறது, அதில் பெரிய மணி 12 டன். வகுப்பு நாட்களில் மதியம் ஒருவர் மேலே உட்கார்ந்து கைமுட்டியால் தட்டி வாசிப்பார். சாப்பாட்டு டப்பாவோடு கீழே புல்லில் உட்கார்ந்து கேட்கலாம். பக்கத்திலேயே ஹில் அரங்கம், 1913-இல் கட்டியது. ராக்கம் கட்டடத்தில் ஒரு நால்வர் கச்சேரிக்குப் போனபோதுதான் தெரிந்தது, 1955 ஏப்ரல் 12 அன்று போலியோ தடுப்பூசி பலிக்கிறது என்ற செய்தியை உலகுக்கு அறிவித்தது அதே அரங்கத்தில் என்று. மிச்சிகன் தியேட்டர் 1928-இன் கட்டடம். படத்துக்கு முன் சில நாட்களில் பழைய பார்ட்டன் ஆர்கனை வாசிப்பார்கள். 1963-இலிருந்து நடக்கும் ஆன் ஆர்பர் திரைப்பட விழாவும் அங்கேதான். முழுக்கச் சோதனைப் படங்கள். பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதிக்காக ஒவ்வொரு மார்ச்சிலும் போனேன்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயன்படுத்தியது நகர நூலகம். முகவரிச் சான்று காட்டினால் அட்டை. புத்தகம் மட்டுமல்ல, தொலைநோக்கி, இசைக்கருவி, வீட்டு வேலைக் கருவிகள், சுவரில் மாட்டச் சட்டமிட்ட ஓவியம் வரை கடன் தருகிறார்கள். பல்கலைக்கழகத்தின் ஹாச்சர் நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன. அட்டை இல்லாதவரும் உள்ளே உட்கார்ந்து படிக்கலாம். நம் ஊரில் தேடிக் கிடைக்காத ஒரு பழைய பதிப்பை அங்கே அலமாரியில் கண்ட அன்று மதியச் சாப்பாட்டை மறந்துபோனேன்.

குளிர் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். குளிரைவிட இருட்டுதான் ஆளைச் சாய்ப்பது. டிசம்பரில் மாலை ஐந்துக்கே சூரியன் போய்விடும், ஜனவரித் தொடக்கத்தில் காலை எட்டு வரை விடியாது. அந்த நேரத்தில் மாணவர்களும் விடுமுறைக்குப் போயிருப்பார்கள், நீலப் பேருந்தும் குறைந்துவிடும். தினமும் மதியம் ஒருமுறை வெளியே போவதை மருந்து போல வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பூட்ஸை மார்ச்சில், தள்ளுபடியில் வாங்குங்கள். தனி வீடு எடுத்தால் நடைபாதைப் பனியை யார் தள்ள வேண்டும் என்று லீஸில் பாருங்கள். பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் சுத்தம் செய்யாவிட்டால் நகராட்சி அபராதம் போடலாம். உப்பும் மணலும் கலந்த கலவையைக் குடியிருப்பவர்களுக்கு நகராட்சியே இலவசமாகத் தருகிறது, ஒரு வாளி கொண்டுபோனால் போதும்.

துணையாக வருகிறவர்கள் விசா விஷயத்தைக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஜே-2 என்றால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், அட்டை கைக்கு வர மாதங்கள் ஆகும், வந்த பிறகுதான் வேலை. மாணவர் விசாவில் வருகிறவரின் துணைக்கான எஃப்-2 என்றால் வேலை கிடையாது, பகுதி நேரமாகப் படிக்கலாம். வாஷ்டனா சமுதாயக் கல்லூரியில் ஒன்றிரண்டு பாடம் எடுத்தவர்கள் என் நட்பு வட்டத்தில் பலர். ‘இன்டர்நேஷனல் நெய்பர்ஸ்’ என்று வெளிநாட்டுப் பெண்களுக்கான ஒரு குழு இந்த ஊரில் இருக்கிறது. தேநீர், பேச்சுப் பழக்கம் என்று கூட்டங்கள் நடத்துவார்கள். நான் இரண்டு வாரம் யோசித்துவிட்டுத்தான் போனேன். அங்கே கிடைத்த ஜப்பானியத் தோழிதான் எனக்கு இந்த ஊரின் பாதியைக் காட்டியது.

அவளும் போய்விட்டாள். இந்த மாதிரி ஊரின் கஷ்டம் அதுதான், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு பிரிவு உபசாரம். பட்டம் முடிந்து ஒருவர், ஆய்வுப்பணம் தீர்ந்து ஒருவர், வேறு ஊரில் வேலை கிடைத்து ஒருவர். போகிறவர்கள் பிரஷர் குக்கரையும் கிரைண்டரையும் இருக்கிறவர்கள் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டு கிரைண்டருக்கு முன்னால் நாலு குடும்பமாவது சொந்தக்காரர்கள். மூன்றாவது வருடம் ஒரு கட்டத்தில், ‘இவர்கள் எப்படியும் போகப்போகிறவர்கள்’ என்று புது ஆட்களோடு பேசவே சலிப்பாக இருந்தது. மாடிவீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் இருபது வருடமாக அங்கே இருப்பவர். “மாணவர்களை மட்டும் பழகிக்கிட்டா அப்படித்தான் இருக்கும். சந்தையில, நூலகத்துல, பள்ளிக்கூட வாசல்ல இருக்கிறவங்களப் பிடி. அவங்க எங்கேயும் போக மாட்டாங்க” என்றார். பாதி நட்பு வளாகத்திலிருந்து, பாதி ஊரிலிருந்து என்று அதன் பிறகு வைத்துக்கொண்டேன். முதல் பாதி மாறிக்கொண்டே இருந்தது, இரண்டாம் பாதி அப்படியே இருந்தது.

மே முதல் ஆகஸ்ட் நடு வரை ஊர் உள்ளூர்க்காரர் கைக்கு வருகிறது. மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் நிக்கல்ஸ் ஆர்போரட்டம் என்ற மரப் பூங்காவில் பியோனிப் பூத்தோட்டம் பூக்கும். பூ நிற்பது கொஞ்ச நாள்தான், மழை பெய்தால் அதுவும் இல்லை. பூத்ததாகச் செய்தி வந்த அன்றே போய்விடுங்கள். ஹ்யூரான் ஆற்றில் ஆர்கோ காஸ்கேட்ஸ் பகுதியில் ரப்பர் டியூபில் உட்கார்ந்து மிதந்து வரலாம். வாரக் கடைசியில் டியூப் கிடைக்கக் காத்திருக்க வேண்டும், வார நாள் காலையில் ஆறு காலியாக இருக்கும். ஜூலையில் ஆர்ட் ஃபேர் என்ற கலைச் சந்தை: 1960-இல் தொடங்கியது, நடு ஊரின் தெருக்கள் முழுக்கக் கூடாரங்கள், வெயில், கூட்டம். பழைய ஊர்க்காரர்கள் பலர் அந்த வாரம் வெளியூர் கிளம்பிவிடுவார்கள். நான் கிளம்ப மாட்டேன். ஓவியம் வாங்குகிற வசதி இல்லாவிட்டாலும், மண்பாண்டம் செய்கிறவரிடம் அரை மணி நேரம் சூளையைப் பற்றிப் பேசலாம், கடைக்காரர்கள் நடைபாதையில் போடும் தள்ளுபடி விற்பனையில் குளிர்காலக் கோட்டு வாங்கலாம். நீங்கள் அந்த வாரம் வருவதாக இருந்தால் காரை நடு ஊருக்குள் கொண்டுவராதீர்கள். வெளியே நிறுத்திவிட்டுச் சிறப்புப் பேருந்தில் வந்து, வியாழன் காலையில் முதல் ஆளாக நுழைந்து, வெயில் ஏறுவதற்குள் நூலகத்துக்குள் போய்விடுங்கள். அங்கே ஏசி இருக்கிறது, குடிக்கத் தண்ணீரும் கழிப்பறையும் இருக்கின்றன.